ஆடையை அளக்கும் சட்டமும் அவமதிப்பை அளக்காத சந்தையும்

2022 ஜூன் மாதத்தில் இந்திய விளம்பர உலகில் மூன்று நிகழ்வுகள் அடுத்தடுத்து நடந்தன. முதலாவது, 'லேயர் ஷாட்' என்ற ஆண்களுக்கான பாடி ஸ்பிரேயின் விளம்பரங்கள் கிளப்பிய கொந்தளிப்பு. அவற்றுள் ஒன்றில், கடையில் ஒரு பெண் தனியாக நிற்கிறார். அவருக்குப் பின்னால் நான்கு ஆண்கள், கூட்டுப் பாலியல் வன்முறையை நினைவூட்டும் இரட்டை அர்த்த வசனம் பேசுகிறார்கள். அந்தப் பெண் அஞ்சித் திரும்புகிறார். அவர்கள் பேசியது அலமாரியில் எஞ்சியிருந்த ஒரே ஒரு புட்டியைப் பற்றி என்று அப்போது தெரியவருகிறது. பெண்ணின் அச்சத்தையே நகைச்சுவையாக்கிய விளம்பரம் அது. எதிர்ப்பு வலுத்ததும், தகவல் ஒலிபரப்பு அமைச்சகம் ஜூன் 4 அன்று ட்விட்டர், யூடியூப் ஆகிய தளங்களிலிருந்து அந்த விளம்பரங்களை நீக்க உத்தரவிட்டது. நிறுவனம் மன்னிப்புக் கேட்டது.

இரண்டாவது, இந்திய விளம்பரத் தரக் கவுன்சில் பாலினம் குறித்த தீங்கான சித்திரிப்புகளைத் தவிர்ப்பதற்கான வழிகாட்டு நெறிகளை அதே மாதத்தில் வெளியிட்டது. மூன்றாவது, நுகர்வோரைத் தவறாக வழிநடத்தும் விளம்பரங்களைத் தடுப்பதற்கான விதிமுறைகளை மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் ஜூன் 9 அன்று அறிவித்தது.

இந்த மூன்றையும் ஒன்றாக வைத்துப் பார்த்தால் நமது அமைப்பின் இயல்பு புலப்படும். ஒரு பற்பசை தன் ஆற்றலைப் பற்றிப் பொய் சொன்னால், 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம். மீண்டும் அதே தவறு நடந்தால் 50 லட்சம் ரூபாய் வரை விதிக்கலாம். அந்தப் பொய்க்கு முகம் கொடுத்த நட்சத்திரத்தை ஓராண்டு, மூன்றாண்டு என விளம்பரங்களில் தோன்றாமல் தடுக்கவும் முடியும். அதே பற்பசை பெண்ணை இழிவுபடுத்தினால், விளம்பரத் துறை தனக்குத் தானே வகுத்துக்கொண்ட நெறிகள் நினைவூட்டப்படும். இழிவு எல்லை கடந்து ஊரே கொதித்தெழுந்தால் மட்டும் அரசு தலையிடும். பொருளைப் பற்றிய பொய்யைக் குற்றமாகவும், பெண்ணைப் பற்றிய பொய்யை ரசனைக் குறைவாகவும் நாம் கருதிவருகிறோம். இந்த வேறுபாட்டுக்கு நியாயம் உண்டா என்பதே நம்முன் உள்ள கேள்வி.

சட்டத்தின் அளவுகோல்

இந்தியாவில் இதற்கென்றே ஒரு சட்டம் இருக்கிறது. பெண்களை அநாகரிகமாகச் சித்திரித்தல் (தடை) சட்டம் 1986-இல் இயற்றப்பட்டு, 1987 அக்டோபர் 2 முதல் நடைமுறையில் உள்ளது. பெண்கள் அமைப்புகளின் நெடிய போராட்டத்துக்குப் பின் வந்த சட்டம் என்பதால் அதைக் குறைத்து மதிப்பிட வேண்டியதில்லை. எனினும் அது எதை அளக்கிறது என்று கவனிக்க வேண்டும். பெண்ணின் உருவத்தையோ, உடலையோ, உடலின் ஒரு பகுதியையோ அநாகரிகமாகவோ இழிவாகவோ பொது ஒழுக்கத்தைக் கெடுக்கும் வகையிலோ காட்டுவதுதான் அதன்படி குற்றம். 'இழிவு' என்ற சொல் வரையறையில் இருந்தாலும், அது உடலோடு கட்டிப்போடப்பட்டிருக்கிறது. விளம்பரம் என்பதற்குச் சட்டம் தரும் விளக்கத்தில் துண்டறிக்கை, மேலுறை தொடங்கி ஒளி, ஒலி, புகை, வாயு ஆகியவற்றால் காட்டப்படுவது வரை எல்லாம் உண்டு. கைப்பேசித் திரை இல்லை. முதல் முறை குற்றத்துக்கு இரண்டாண்டு வரை சிறையும் 2,000 ரூபாய் வரை அபராதமும் விதிக்கலாம். சட்டத்தைக் காலத்துக்கேற்பத் திருத்துவதற்காக 2012-இல் மாநிலங்களவையில் அறிமுகமான மசோதா நிறைவேறாமலே திரும்பப் பெறப்பட்டது.

இந்த அளவுகோலைக் கையில் எடுத்துக்கொண்டு நமக்குப் பழக்கமான விளம்பரங்களை அளந்து பார்க்கலாம். காப்பீட்டு, சேமிப்புத் திட்ட விளம்பரங்களில் நெடுங்காலம் ஒலித்த வாசகம் 'மகனின் படிப்பு, மகளின் திருமணம்' என்பது. இதில் யாருடைய ஆடையும் குறையவில்லை. குடும்பத்தோடு அமர்ந்து பார்க்கலாம். ஆனால் ஒரு குடும்பத்தின் சேமிப்பில் மகனுக்கு உரியது கல்லூரிக் கட்டணம், மகளுக்கு உரியது கல்யாணச் செலவு என்ற பங்கீட்டை அது ஓசையின்றிப் பரிந்துரைத்தது. ஒரு பெண்ணின் வாழ்க்கைப் பாதையை இதைவிட ஆழமாகப் பாதிக்கும் கவர்ச்சிப் படம் எதுவும் இருக்க முடியாது. சட்டத்தின் கண்ணுக்கோ இது தென்படவே படாது.

இன்னொரு பக்கம், 1995-இல் வெளிவந்த ஒரு காலணி விளம்பரத்தில் ஓர் ஆணும் ஒரு பெண்ணுமாக இரு மாடல்கள் ஆடையின்றி, மலைப்பாம்பு ஒன்று சுற்றியிருக்கத் தோன்றினர். ஆபாசக் குற்றச்சாட்டின் பேரில் தொடரப்பட்ட வழக்கு 14 ஆண்டுகள் நடந்து, 2009-இல் அவர்கள் விடுவிக்கப்பட்டனர். அந்த 14 ஆண்டுகளும் ஒவ்வொரு மாலையும், கறுப்பாகப் பிறந்த பெண்ணுக்கு வேலையும் கிடைக்காது, வரனும் அமையாது என்று சொல்லும் விளம்பரங்கள் நம் வரவேற்பறைகளில் தடையின்றி ஓடிக்கொண்டிருந்தன.

நிர்வாணம் என்பதாலேயே ஒரு படம் ஆபாசமாகிவிடாது என்று அவீக் சர்க்கார் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2014-இல் தெளிவுபடுத்தியது. படத்தின் நோக்கத்தையும் சூழலையும் சமகாலச் சமூக அளவுகோலையும் கொண்டே முடிவு செய்ய வேண்டும் என்றது. நல்ல தீர்ப்புதான். ஆனால் ஆபாசம் எது என்ற கேள்விக்கு எவ்வளவு நல்ல விடை கிடைத்தாலும், இழிவு எது என்ற கேள்வி அப்படியே நிற்கிறது. ஒழுக்க அளவுகோலில் வேறோர் ஆபத்தும் உண்டு. விளம்பரப் பலகையில் பெண்ணின் ஆடையை அளக்கக் கொடுத்த கோல், விரைவிலேயே பேருந்து நிறுத்தத்திலும் கல்லூரி வாசலிலும் பெண்ணின் ஆடையை அளக்கத் தொடங்கிவிடும்.

மூன்று விற்பனை உத்திகள்

பெண்ணை இழிவுபடுத்தும் விளம்பரங்கள் எல்லாம் ஒரே வகையைச் சேர்ந்தவை அல்ல. யாரை இழிவுபடுத்தி யாரிடம் விற்கிறார்கள் என்று பார்த்தால் மூன்று உத்திகளைப் பிரித்தறியலாம்.

முதலாவது, பெண்ணைக் காட்டி ஆணிடம் விற்பது. வாசனைத் திரவியம், உள்ளாடை, மோட்டார் சைக்கிள், சிமென்ட் என்று பொருளுக்குத் தொடர்பே இல்லாமல் பெண் கொண்டுவந்து நிறுத்தப்படுகிறார். ஒரு பொருளை வாங்கினால் இன்னொரு 'பொருள்' இலவசம் என்பதே அதன் உட்பொருள். மனிதரைப் பண்டமாகக் கருதுவது என்றால் என்ன என்பதை 1995-இல் எழுதிய கட்டுரையில் தத்துவவியலாளர் மார்த்தா நஸ்பாம் ஏழு கூறுகளாகப் பிரித்துக் காட்டினார். பிறர் நோக்கத்துக்கான கருவியாக்குவது, சுய விருப்பத்தை மறுப்பது, ஒன்றுக்குப் பதில் மற்றொன்றை வைத்துக்கொள்ளலாம் என்று கருதுவது, உணர்வுகளைப் பொருட்படுத்தாதது ஆகியவை அவற்றுள் சில. சிமென்ட் மூட்டையருகே நிறுத்தப்படும் பெண்ணுக்கு இவை ஒவ்வொன்றும் பொருந்தும். அவருக்குப் பதில் வேறு எந்த இளம்பெண்ணை நிறுத்தினாலும் அந்த விளம்பரத்துக்கு ஒரு மாற்றமும் நேராது.

இரண்டாவது, பெண்ணிடம் ஒரு குறையைக் கற்பித்து, அதற்கான மருந்தைப் பெண்ணிடமே விற்பது. இதற்குச் சிறந்த சான்று சிவப்பழகு கிரீம்கள். 'ஃபேர் அண்ட் லவ்லி' 1975-இல் சந்தைக்கு வந்தது. அதன் விளம்பரம் ஒன்றில், தனக்கு ஒரு மகன் இல்லையே என்று தந்தை வருந்துகிறார். கறுத்த நிறமுடைய மகள் கிரீம் பூசி நிறம் மாறி, விமானப் பணிப்பெண் வேலை பெற்று, தந்தையின் குறையைத் தீர்க்கிறாள். அரை நிமிடத்துக்குள் மூன்று இழிவுகள்: மகள் மகனுக்கு ஈடாக மாட்டாள், கறுப்பு நிறம் தகுதிக் குறைவு, பெண்ணின் வேலைவாய்ப்பு அவள் தோலைப் பொறுத்தது. அனைத்திந்திய ஜனநாயக மாதர் சங்கம் தொடர்ந்து புகார் எழுப்பிய பிறகே, 2003-இல் இந்தக் கிரீமின் இத்தகைய விளம்பரங்கள் நிறுத்தப்பட்டன. சென்னையைச் சேர்ந்த 'விமன் ஆஃப் வொர்த்' அமைப்பு 2009-இல் 'கறுப்பே அழகு' என்ற பொருளில் ஓர் இயக்கத்தைத் தொடங்கியது. நடிகை நந்திதா தாஸ் பின்னர் அதன் முகமானார். நிறத்தின் பெயரால் பாகுபாட்டைத் தூண்டும் விளம்பரங்கள் கூடாது என்று விளம்பரத் தரக் கவுன்சில் விதி வகுக்க 2014 வரை ஆனது. 2020-இல், அமெரிக்காவில் ஜார்ஜ் ஃபிளாய்ட் கொலையைத் தொடர்ந்து உலகெங்கும் நிறவெறிக்கு எதிராக எழுந்த அலையில், கிரீமின் பெயர் 'குளோ அண்ட் லவ்லி' என்று மாறியது.

மூன்றாவது உத்தியை இழிவு என்று பலரும் உணர்வதே இல்லை. அது பெண்ணைப் புகழ்ந்து, வீட்டுப் பணிகளின் பாரத்தை அவள் தலையில் ஏற்றுவது. விளம்பரத்தின் அம்மா அதிகாலையில் எழுகிறாள். முகத்தில் சோர்வே இல்லை. மகன் சட்டையில் சேற்றோடு வருகிறான், அவள் சிரிக்கிறாள். கணவனின் கொழுப்புச் சத்தைக் கவனித்து எண்ணெய் தேர்ந்தெடுக்கிறாள். கழிவறையைத் தேய்ப்பவள் அவள். எப்படித் தேய்க்க வேண்டும் என்று கற்றுக்கொடுக்க வருபவரோ பெரும்பாலும் ஓர் ஆண். இங்கே ஆபாசம் இல்லை, வன்முறை இல்லை. ஒரு தலைமுறை முழுவதற்கும் வேலைப் பங்கீட்டைக் கற்பிக்கும் பாடம் மட்டும் இருக்கிறது.

இந்தப் பாடத்தின் மறுபக்கத்தைத் தேசியப் புள்ளியியல் அலுவலகத்தின் நேரப் பயன்பாட்டு ஆய்வில் காணலாம். 2019-ஆம் ஆண்டின் கணக்குப்படி, ஊதியமில்லா வீட்டு வேலையில் ஈடுபடும் பெண் அதில் நாளொன்றுக்குச் செலவிட்ட நேரம் சராசரியாக 299 நிமிடங்கள். ஆண் செலவிட்டது 97 நிமிடங்கள். அதிலும் ஆண்களில் ஏறத்தாழ நால்வரில் ஒருவர் மட்டுமே எந்த வீட்டு வேலையிலாவது கைவைத்தார். பெண்களில் ஐவரில் நால்வர். 2024-ஆம் ஆண்டின் ஆய்வில் பெண்ணின் நேரம் 289 நிமிடங்களாகக் குறைந்தது. ஆணின் நேரம் கூடியிருக்கும் என்று எதிர்பார்ப்போம். அதுவும் 88 நிமிடங்களாகக் குறைந்திருக்கிறது. பெண்ணின் உழைப்பில் குறைந்த பத்து நிமிடங்களை ஆண் ஏற்றுக்கொள்ளவில்லை என்பது தெளிவு.

இந்த மூன்று உத்திகளில் முதலாவதன் ஒரு பகுதியை மட்டுமே 1986-ஆம் ஆண்டுச் சட்டம் தொடுகிறது. மற்ற இரண்டும் அதன் எல்லைக்கு வெளியே நிற்கின்றன.

கண்ணாடிக்கு இவ்வளவு விலையா?

விளம்பரத் துறையினர் சொல்லும் வழக்கமான விடை ஒன்று உண்டு: 'நாங்கள் சமூகத்தின் கண்ணாடி மட்டுமே. சமூகம் எப்படி இருக்கிறதோ அப்படிக் காட்டுகிறோம்.' இதில் பாதி உண்மை இருக்கிறது. சிவப்பு நிற மோகத்தை எந்தக் கிரீம் நிறுவனமும் கண்டுபிடிக்கவில்லை. 'நல்ல நிறமுள்ள, குடும்பப் பாங்கான மணமகள் தேவை' என்ற வரி, கிரீம் விளம்பரங்கள் இல்லாத காலத்திலும் நம் செய்தித்தாள்களின் வரிவிளம்பரங்களில் இருந்தது. அதை அச்சிட்ட பொறுப்பு நாளிதழ்களுக்கும், கொடுத்த பொறுப்பு நமக்கும் உண்டு.

ஆனால் பொருளியல் கண்கொண்டு பார்த்தால் இந்த வாதம் நிற்காது. இந்தியாவில் விளம்பரங்களுக்காக ஆண்டுக்கு ஒரு லட்சம் கோடி ரூபாய்க்கும் மேல் செலவிடப்படுகிறது. இருப்பதை இருப்பதுபோலக் காட்டும் கண்ணாடிக்கு எந்த நிறுவனமும் இவ்வளவு விலை கொடுக்காது. மனிதரின் விருப்பத்தையும் பழக்கத்தையும் மாற்ற முடியும் என்ற நம்பிக்கையில்தான் இந்தப் பணம் செலவிடப்படுகிறது. தேவைகள் மனிதரிடம் தாமாகத் தோன்றி உற்பத்தியைத் தூண்டுகின்றன என்று பாடநூல்கள் சொல்லிவந்தபோது, உற்பத்தியே தனக்கு வேண்டிய தேவைகளை விளம்பரத்தின் வழியாக உண்டாக்கிக்கொள்கிறது என்று ஜான் கென்னத் கால்பிரெய்த் 1958-இல் வாதிட்டார். பங்குதாரர்களிடம் விளம்பரத்தின் ஆற்றலைப் பெருமையாகப் பேசும் நிறுவனம், பெண்கள் அமைப்புகளிடம் மட்டும் அந்த ஆற்றலே தனக்கு இல்லை என்று கைவிரிக்க முடியாது.

அந்தக் கண்ணாடி உண்மையாகவும் காட்டுவதில்லை. 2019-இல் இந்தியாவில் வெளியான ஆயிரத்துக்கும் மேற்பட்ட தொலைக்காட்சி, யூடியூப் விளம்பரங்களை யுனிசெஃப் நிறுவனமும் ஜீனா டேவிஸ் ஆய்வு நிறுவனமும் பகுத்தாய்ந்து 2021-இல் அறிக்கை வெளியிட்டன. திரையில் தோன்றும் நேரத்தில் 59.7 சதவீதமும் பேசும் நேரத்தில் 56.3 சதவீதமும் பெண்களுடையவை. எண்ணிக்கையை மட்டும் பார்த்தால் பெண்கள்தான் முன்னிலையில் இருக்கிறார்கள். ஆனால் அவர்கள் பெரும்பாலும் வீட்டுச் சாமான்களையும் அழகு சாதனங்களையும் விற்கிறார்கள். பெண் பாத்திரங்களில் 66.9 சதவீதம் வெளிர் நிறமோ ஓரளவு வெளிர் நிறமோ கொண்டவர்கள். ஆண் பாத்திரங்களில் இது 52.1 சதவீதம். மிகுந்த அழகு வாய்ந்தவராகக் காட்டப்படும் வாய்ப்பு ஆணைவிடப் பெண்ணுக்கு ஒன்பது மடங்கு அதிகம். தமிழகத் தெருக்களில் நடந்து செல்லும் எவருக்கும், இந்தக் கண்ணாடியில் தெரிவது நம் ஊர்ப் பெண்கள் அல்லர் என்பது புரியும்.

சந்தை ஏன் தானாகத் திருந்தாது?

'இழிவான விளம்பரம் வந்தால் மக்கள் அந்தப் பொருளை வாங்காமல் விடட்டும்; நிறுவனம் தானே திருந்தும்' என்பது இரண்டாவது வாதம். சந்தையின் தன்திருத்த ஆற்றலை முற்றாக மறுக்கத் தேவையில்லை. ஆனால் அது வேலை செய்ய வேண்டுமானால், பாதிக்கப்படுபவரே வாங்குபவராகவும், தன் பாதிப்பை உணர்ந்தவராகவும் இருக்க வேண்டும். மேலே கண்ட மூன்று உத்திகளிலும் இந்த நிபந்தனை நிறைவேறுவதில்லை.

பாடி ஸ்பிரேயை வாங்குபவர் ஆண், அவமதிக்கப்படுபவர் பெண். அந்தப் பெண் எவ்வளவு சினந்தாலும் ஒரு புட்டியின் விற்பனையும் குறையாது, ஏனெனில் அவர் முதலிலிருந்தே அதை வாங்கவில்லை. ஆலைக் கழிவு ஆற்றில் கலக்கும்போது, ஆலைக்கும் அதன் வாடிக்கையாளருக்கும் இடையிலான விலையில் ஆற்றங்கரை விவசாயியின் இழப்பு இடம்பெறுவதில்லை. இதைப் பொருளியலில் புறவிளைவு என்கிறோம். விளம்பரம் உண்டாக்கும் இழிவும் அத்தகைய புறவிளைவே. இரவுப் பேருந்தில் தனியாகப் பயணம் செய்யும் பெண் அதன் விலையைச் செலுத்துகிறார். நிறுவனத்தின் கணக்குப் புத்தகத்தில் அது ஏறுவதில்லை.

சிவப்பழகு கிரீமில் நிலைமை வேறு. அவமதிக்கப்படும் பெண்ணே அதை வாங்குகிறார். அப்படியானால் அவர் வாங்குவதை நிறுத்தியிருக்க வேண்டுமல்லவா? நேர்மாறாக, அவமதிப்பு எவ்வளவு ஆழமாகத் தைக்கிறதோ அவ்வளவு விற்பனை கூடுகிறது. 1975 முதல் 2020 வரை 45 ஆண்டுகள் இந்தச் சந்தை தானாகத் திருந்தவில்லை என்பதற்கு இதுவே விளக்கம். மூன்றாவது உத்தியில், வாங்கும் பெண்ணுக்குப் புகழ்ச்சியே பரிசாகக் கிடைப்பதால் எதிர்ப்புக்கே இடமில்லை. நீண்டகாலம் ஒடுக்கப்பட்டவர்கள் தங்கள் விருப்பங்களையே நிலைமைக்கு ஏற்பச் சுருக்கிக்கொள்வார்கள். எனவே அவர்களின் மனநிறைவை நீதியின் சான்றாகக் கொள்ள முடியாது என்று அமர்த்தியா சென் நெடுங்காலமாகச் சுட்டிக்காட்டி வருகிறார். 'பெண்களே இதை ரசிக்கிறார்களே' என்று கேட்பவர்களுக்கு இது பொருத்தமான விடை.

மதிப்போடு விற்க முடியாது என்பதும் உண்மையில்லை. துணி துவைப்பது பெண்ணின் வேலை மட்டும்தானா என்று கேட்ட ஏரியல் சலவைத் தூளின் விளம்பரத் தொடர் 2015-இல் தொடங்கிப் பல ஆண்டுகள் நீடித்தது. சதம் கடந்த கிரிக்கெட் வீரனுக்காக மைதானத்தில் ஆடிக்கொண்டு ஓடிவந்த பெண்ணைக் காட்டிய 1994-ஆம் ஆண்டு கேட்பரி விளம்பரம், 2021-இல் மட்டை பிடிப்பவள் பெண், ஆடிவருபவன் ஆண் என்று மாற்றி எடுக்கப்பட்டுப் பாராட்டைப் பெற்றது. இவை சமூகத் தொண்டு அல்ல, வணிகமே. வணிகத்துக்கு இழிவு இன்றியமையாதது என்ற சாக்கு செல்லாது என்பதற்கு இவை சான்று.

கண்ணுக்குத் தெரியாத விளம்பரங்கள்

இதுவரை சொன்னவை எல்லோரும் பார்க்கக்கூடிய விளம்பரங்கள். இன்று விளம்பரப் பணத்தின் பெரும்பகுதி இணையத்துக்கு நகர்ந்துவிட்டது. அங்கே அடுத்த நாற்காலியில் இருப்பவரின் கைப்பேசியில் வரும் விளம்பரம் நமக்குத் தெரியாது. பாடி ஸ்பிரே விளம்பரம் தொலைக்காட்சியில் வந்ததால்தான் பெண்கள் அதைப் பார்த்தார்கள், எதிர்த்தார்கள். இளைஞர்களின் திரைக்கு மட்டும் அது அனுப்பப்பட்டிருந்தால் புகார் கொடுக்க யார் இருந்திருப்பார்கள்?

இணையத்தில் பாகுபாடு யாருடைய தீய நோக்கமும் இன்றியே நிகழலாம். லண்டன் வணிகப் பள்ளியின் அன்யா லாம்பிரெக்ட், எம்.ஐ.டி.யின் கேத்தரின் டக்கர் ஆகிய இரு ஆய்வாளர்கள், அறிவியல், தொழில்நுட்பத் துறை வேலைவாய்ப்பு குறித்த விளம்பரம் ஒன்றை 191 நாடுகளில் வெளியிட்டுப் பார்த்து, 2019-இல் முடிவுகளைப் பதிப்பித்தனர். ஆண், பெண் இருபாலருக்கும் சமமாகச் செல்ல வேண்டிய அந்த விளம்பரம், பெண்களைவிட 20 சதவீதத்துக்கும் அதிகமான ஆண்களுக்குக் காட்டப்பட்டது. பெண்கள் அதில் ஆர்வம் காட்டவில்லை என்பது காரணமில்லை. பார்த்த பெண்கள் அதைச் சொடுக்கிய விகிதம் ஆண்களைவிட அதிகம். காரணம் விலை. வீட்டுக்கான பொருள்களை வாங்கும் முடிவு இளம் பெண்களின் கையில் இருப்பதாக நிறுவனங்கள் கருதுவதால், அவர்களின் கவனத்துக்கு இணைய ஏலத்தில் விலை கூடுதல். செலவைச் சிக்கனமாக்க முயலும் கணினி நிரல், வேலைவாய்ப்பு விளம்பரத்தை மலிவாகக் கிடைக்கும் ஆண்களிடம் கொண்டு சேர்த்துவிட்டது. நுகர்வோராகப் பெண்ணுக்குக் கிடைத்த அதிக மதிப்பு, தொழிலாளியாக அவருக்குக் கிடைக்க வேண்டிய வாய்ப்பைத் தட்டிப்பறித்தது. எந்த ஆபாசச் சட்டத்தாலும் இதைத் தொட முடியாது.

என்ன செய்யலாம்?

முதலில், அளவுகோலை மாற்ற வேண்டும். நமது தொலைக்காட்சி விதிகளிலேயே அதற்கான வாசகம் இருக்கிறது. 1994-ஆம் ஆண்டின் கேபிள் தொலைக்காட்சி விதிகளின் 7-ஆவது விதி, பெண்ணை அடங்கிப்போகிறவளாகவும் குடும்பத்திலும் சமூகத்திலும் இரண்டாம் இடத்துக்கு உரியவளாகவும் காட்டும் விளம்பரங்களைத் தடை செய்கிறது. 30 ஆண்டுகளாக இது உண்மையாகவே பின்பற்றப்பட்டிருந்தால் மாலை நேர விளம்பரங்களில் பாதி வெளிவந்திருக்காது. இந்த விதியின் உயிர்ப்பொருளை எல்லா ஊடகங்களுக்கும் பொருந்தும் வகையில் சட்டமாக்கி, 1986-ஆம் ஆண்டுச் சட்டத்தில் உள்ள ஒழுக்கம் குறித்த சொற்களை நீக்க வேண்டும். பெண்ணின் கண்ணியத்துக்கு இழுக்கான நடைமுறைகளைக் கைவிடுவது ஒவ்வொரு குடிமகனின் கடமை என்று அரசமைப்பின் 51ஏ(ஈ) பிரிவு சொல்கிறது. சட்டத்துக்கு அடித்தளமாக அதுவே போதும்.

இரண்டாவதாக, இதை ஆபாசக் குற்றமாகக் காவல் நிலையத்துக்குக் கொண்டுசெல்லாமல், முறையற்ற வணிகமாக நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்தின் முன் கொண்டுசெல்ல வேண்டும். நார்வே 1978 முதல் பெண்களை இழிவுபடுத்தும் விளம்பரங்களை வணிக நெறிச் சட்டத்தின் வழியாகவே தடுத்துவருகிறது. சிறைத்தண்டனை இங்கே தேவையற்றது. அது படைப்பாளிகளை அச்சுறுத்தும், வழக்குகளை இழுத்தடிக்கும். தவறான தகவலுக்கு விதிக்கும் அதே அபராதமும் நட்சத்திரங்களுக்கான அதே பொறுப்பும் இழிவுக்கும் விதிக்கப்பட்டால், இதுவரை பிறர் சுமந்த விலை நிறுவனத்தின் கணக்கில் ஏறும்.

இது கருத்துச் சுதந்திரத்தைப் பறிக்காதா என்ற கேள்வி நியாயமானது. விளம்பரமும் கருத்துச் சுதந்திரத்தின் ஒரு பகுதியே என்று டாடா பிரஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1995-இல் கூறியது. ஏமாற்றும், முறையற்ற விளம்பரங்களை அரசு ஒழுங்குபடுத்தலாம் என்பதையும் அதே தீர்ப்பு ஏற்றுக்கொண்டது. ஒரு கதையிலோ திரைப்படத்திலோ பெண் எப்படிச் சித்திரிக்கப்பட வேண்டும் என்று அரசு கட்டளையிடுவது ஆபத்தானது. விளம்பரம் அவ்வாறல்ல. நாம் நாடிச் செல்லாமலே நம்மைத் தேடிவருவது, திரும்பத் திரும்ப வருவது, விற்பனை ஒன்றையே நோக்கமாகக் கொண்டது. ஆகவே எல்லையைத் தெளிவாக வகுத்தால் போதுமானது. பெண் சமையல் செய்வதைக் காட்டலாம்; சமையல் பெண்ணுக்கு மட்டுமே உரியது என்று சொல்லக் கூடாது. ஆண் கால்மேல் கால் போட்டு அமர்ந்திருக்க, வீட்டார் போட்ட குப்பையைப் பெண் ஒருத்தியே அள்ளுவது இயல்பு என்று காட்டக் கூடாது. விளம்பரத் தரக் கவுன்சிலின் 2022-ஆம் ஆண்டு நெறிகளே இந்த வேறுபாட்டைத் திருத்தமாகச் சொல்கின்றன. அவற்றுக்குக் குறைவது சட்ட வலிமைதான்.

இத்தகைய விதி ஆண்களையும் காக்கும். பிரிட்டன் 2019 ஜூனில் தீங்கான பாலினச் சித்திரிப்புகளைத் தடை செய்தது. இரண்டே மாதங்களில் அதன்படி தடைசெய்யப்பட்ட முதல் இரு விளம்பரங்களில் ஒன்று, உணவில் மயங்கிக் கைக்குழந்தைகளை மறந்துவிடும் இரு தந்தையரைக் கேலியாகக் காட்டிய ஃபிலடெல்ஃபியா பாலாடைக்கட்டி விளம்பரம். குழந்தை வளர்ப்பு ஆணுக்கு வராது என்ற கேலியும் பெண்ணின் தலையிலேயே சுமையை ஏற்றும் என்பதை அந்த ஒழுங்குமுறை அமைப்பு சரியாகவே உணர்ந்தது.

மூன்றாவதாக, இணைய நிறுவனங்கள் இந்தியாவில் வெளியிடும் ஒவ்வொரு விளம்பரத்தையும், அது ஆண், பெண் எந்தெந்த வயதினருக்கு எவ்வளவு காட்டப்பட்டது என்ற விவரத்தோடு, எவரும் தேடிப் பார்க்கக்கூடிய பொதுத் தொகுப்பாக வைக்க வேண்டும். கண்ணுக்குத் தெரியாததை எதிர்க்க முடியாது.

நான்காவதாக, மத்திய, மாநில அரசுகளும் பொதுத்துறை வங்கிகளும் காப்பீட்டு நிறுவனங்களும் மிகப் பெரிய விளம்பரதாரர்கள். புதுச் சட்டம் எதுவும் வரும்வரை காத்திருக்காமல், தங்கள் விளம்பர ஒப்பந்தங்களில் பாலினச் சமத்துவ நெறியை ஒரு நிபந்தனையாக அவை நாளையே சேர்க்கலாம். மகளின் படிப்புக்காகச் சேமிக்கச் சொல்லும் விளம்பரத்தை எடுக்க நாடாளுமன்றத்தின் அனுமதி தேவையில்லை.

வாசகர்களுக்கும் ஒரு பங்கு இருக்கிறது. விளம்பரத் தரக் கவுன்சிலிடம் எந்தக் குடிமகனும் கட்டணமின்றிப் புகார் செய்யலாம். 2003-இலும் 2022-இலும் விளம்பரங்கள் நின்றது, சிலர் முணுமுணுப்போடு நிறுத்திக்கொள்ளாமல் எழுதிப் புகார் செய்ததால்தான். மாலையில் தொலைக்காட்சியின் முன் அமரும் பத்து வயதுச் சிறுமி, அரை மணி நேரத்தில் இருபது விளம்பரங்களைக் கடந்து செல்கிறாள். அவளது நிறம் ஒரு குறை என்றும், அவளது நேரம் மற்றவர்களுக்கு உரியது என்றும் அவளுக்குச் சொல்லிக்கொடுக்கும் உரிமையை நாம் எந்த நிறுவனத்துக்கும் விற்கவில்லை. அந்த உரிமையை அவை விலையின்றி எடுத்துக்கொண்டன. அதற்கு விலை வைப்பதே சட்டத்தின் அடுத்த வேலை.